ஜன்னலிலிருந்து பார்த்த முதுகு

வலியோடு வந்த ஒரு மனிதரை, வலி இருப்பதாக நடிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் பெயர் தஸ்தகீர். அடையாறு பக்கம் இருந்த ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்கி இயந்திரத்துக்குக் கொடுப்பது அவர் வேலை. வாரம் ஒருமுறை அங்கே வந்துபோகும் டாக்டர் நான். முதுகு வலி, கை வலி என்று வருகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே வேலை செய்ய முடியவில்லை, யார் டிமிக்கி கொடுக்கிறார் என்று சொல்வதற்காகவே என்னை வைத்திருந்தார்கள்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். என் அறை மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வாசல் கேட்டும் அதை அடுத்த பஸ் நிறுத்தமும் தெரியும். பரிசோதனை முடிந்து ஆள் கீழே இறங்கியதும் நான் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வேன். உள்ளே நொண்டியவர் வெளியே எப்படி நடக்கிறார், டீக்கடைப் பெஞ்சில் எப்படி உட்காருகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். நிர்வாகத்துக்கு இதில் பரம திருப்தி. சில சக டாக்டர்கள் என்னிடம் வந்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுகூடப் போனார்கள்.

தஸ்தகீரின் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியவர், பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறினார். பஸ் மறைவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். ஏமாற்றுக்காரர் என்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். மனைவி போனபின் கனடாவில் மகளோடு தங்கிவிட்டேன். பொழுது போகாமல் ஒரு மருத்துவமனையில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய்வந்தேன். வேலையில் அடிபட்டவர்களைப் பரிசோதிக்கும் பிரிவு அது. அங்கிருந்த டாக்டர்கள் ஒருவரையொருவர் ஓயாமல் கேட்டுக்கொண்ட கேள்வி, ‘இதற்கு என்ன சான்று?’ என்பதுதான். வலியே இல்லாதவர்கள் பலரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், வலியில் துடிப்பவர்கள் பலரின் எக்ஸ்ரே துடைத்துவைத்தது போல இருக்கும் என்று ஆராய்ச்சிகளை எடுத்துப் போட்டுப் பேசுவார்கள். ஒரு நிமிடம் ஒருவர் செய்வதைப் பார்த்துவிட்டு நாள் முழுக்க அவரால் என்ன முடியும் என்று சொல்லக் கூடாது என்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து அதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். வாய் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும், மனம் அந்த ஜன்னலோரம் நிற்கும்.

அப்போதுதான் என் நண்பன் வரதன் மயிலாப்பூரிலிருந்து போன் செய்தான். அவனும் டாக்டர். தொழிற்சாலை டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் இந்தப் புது முறையைப் பற்றி நான் பேச வேண்டும் என்றான். பேச்சோடு பேச்சாக, “உன்னோட அந்த பஸ் கேஸ் இன்னும் லேபர் கோர்ட்ல நடந்துண்டிருக்கு, தெரியுமோ? கம்பெனிக்காரா உன் சர்ட்டிபிகேட்டைத்தான் காட்டிண்டிருக்கா” என்றான். நான் வருகிறேன் என்றேன். பேசுவதற்கு வருகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

நான் போகும்போது ஊருக்கு மெட்ராஸ் என்று பெயர். திரும்பி வந்தபோது சென்னை. ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னேன். “பேருதான் சார் மாறிச்சு, ரோட்ல பள்ளம் அதேதான் கீது” என்று ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றிக் காட்டினார். என் இடுப்பு அதை ஒப்புக்கொண்டது. கனடாவின் குளிர் எனக்குக் கொடுத்த பரிசு இந்த இடுப்பு வலி. கைத்தடி இல்லாமல் இப்போது நான் வெளியே போவதில்லை.

வரதன் வீட்டில் முதல் நாள் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும். தண்ணீர் லாரி வரும் நேரம் என்று வரதனின் மனைவி பாதிச் சாப்பாட்டில் குடத்தோடு ஓடினார். கனடாவில் குழாயைத் திறந்தால் வெந்நீரும் தண்ணீரும் தனித்தனியாகக் கொட்டுவதை நான் வர்ணிக்க ஆரம்பித்தேன். “அதையெல்லாம் இங்க சொல்லாதேடா, வயித்தெரிச்சல்” என்றான் வரதன்.

மறுநாள் காலை தஸ்தகீரைத் தேடிப் புறப்பட்டேன். கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து என்று மட்டும் தெரியும். கறிக்கடையில் கேட்டேன், தையல்காரரிடம் கேட்டேன். தஸ்தகீரா, அப்படி யாரும் இல்லையே என்றார்கள். டீக்கடையில் இருந்தவரிடம் அச்சகத்தில் வேலை பார்த்தவர், முதுகு வலிக்காரர் என்று அடையாளம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம ஆக்டர் பாயா? அப்டி சொல்லு சார்! நேரா போய் சோத்தாங்கை பக்கம் பேப்பர் கடை.”

“ஆக்டரா? நாடகத்தில் நடித்தாரா?”

“நாடகமும் இல்ல, சினிமாவும் இல்ல. எவனோ ஒரு டாக்டர் இவுரு நடிக்கிறாருன்னு எழுதிக் குட்த்துட்டானாம். கம்பெனி வாசல்ல எல்லார் முன்னாடியும் படிச்சிகீறாங்க. அன்னிலேர்ந்து ஆக்டருதான். அவுரு புள்ளைங்க ஸ்கூல்ல கூட ஆக்டர் பையன்தான்.” டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். “டீ சாப்புடு சார்.”

ஒரு காகிதத்தில் நான் எழுதிய சொல், ஒரு தெரு முழுக்க ஒருவருக்குப் பெயராகிவிட்டிருந்தது.

பழைய பேப்பர் கடையில் தஸ்தகீர் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“டாக்டர் சார்! வாங்க சார். இன்னா சார், தடி புடிச்சிக்கினு வர்றீங்க?” என்று ஸ்டூலைத் தன் தோள்துண்டால் துடைத்துப் போட்டார்.

கொஞ்ச நேரம் நிற்பதும் கொஞ்ச நேரம் உட்காருவதுமாக அவர் வேலை நடந்தது. சின்னக் கட்டுகளைத் தானே எடுத்தார். பெரிய கட்டு வந்தால் கொண்டுவந்தவரையே தராசில் வைக்கச் சொன்னார். இந்த மாதிரி ஒரு வேலையை அச்சகத்திலேயே கொடுத்திருக்கலாம். எண்ணிக்கை பார்க்கும் மேசை ஒன்று மாடியிலேயே இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது இரண்டே விடைகள்: முடியும், முடியாது. ‘எது முடியும்?’ என்று நான் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். நான் எழுதியது தவறு, அதைக் கோர்ட்டில் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். கடைக்குப் பின்புறமே இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி மெஹருன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

“இவர்தானா அது? இன்னாத்துக்கு வந்துகீறாரு இப்போ?”

“இரு மெஹரு. பெரிய மனுசர் வீட்டுக்கு வந்துகீறாரு.”

“நீ சும்மா இரு. சார், நான் ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு இவுரு பஸ்ல ஏறுனத பாத்தீங்க. எறங்குனத பாத்தீங்களா? ரெண்டு பேர் கைத்தாங்கலா எறக்கி, மீன் வண்டில வெச்சித் தள்ளிக்கினு வந்தாங்க. ஊடு பூரா மீன் நாத்தம்.”

“பிறகு ஏன் ஓடினீர்கள்?” என்று தஸ்தகீரிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

“வுட்டா அடுத்த பஸ் எப்ப வரும்னு தெரியாது சார். நின்னுக்கினே இருந்தா இன்னும் வலிக்கும். அதான் ஓடிட்டேன்.”

மெஹருன்னிசா உள்ளே போய்விட்டார். சற்றுக் கழித்து டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வந்தன. என் முன்னால் டம்ளரை வைத்த சத்தத்தில் அவர் கோபம் முழுவதும் இருந்தது. ஆனாலும் டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்.

அடுத்த நாள் தஸ்தகீரின் வக்கீலைப் பார்க்கத் தி.நகர் போனேன். ஆடித் தள்ளுபடி. பேருந்து நிலையத்திலிருந்து வக்கீலம்மாளின் அலுவலகம் வரை நானாக நடந்து போகவில்லை. கூட்டம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வழியில் ஒரு பெண்மணி தன் பையை என் கையில் திணித்து, “கொஞ்சம் பிடிச்சுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டுப் புடவைக் குவியலுக்குள் புகுந்தார். திரும்பி வரும்வரை நின்றேன். மகள் இருக்கும் ஊரில் இப்படி ஒருவர் பையைக் கொடுத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

அவர் சுருக்கமாகப் பேசுகிறவர். கட்டு விபூதி, மூக்குக் கண்ணாடி. ஒரு பிரமாண வாக்குமூலத்தைத் தயாராகவே வைத்திருந்தார். படித்தேன். ‘மனுதாரர் அக்காலத்திலேயே கடுமையான முதுகுத்தண்டுக் கோளாறால் வேலை செய்ய இயலாதவராக இருந்தார் என்று இப்போது உறுதியாகத் தெரிவிக்கிறேன்’ என்று இருந்தது.

“இதில் நான் கையெழுத்துப் போட முடியாதம்மா” என்றேன்.

“ஏன் சார்?”

“எனக்கு அது தெரியாது. நான் அவரைச் சரியாகப் பரிசோதிக்கவே இல்லை. எவ்வளவு எடை தூக்குகிறார் என்று கேட்டதில்லை. வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. வலி இல்லை என்று சொல்ல என்னிடம் சான்று இல்லாதது போலவே, இந்த அளவுக்குக் கோளாறு இருந்தது என்று சொல்லவும் சான்று இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அந்தப் பக்கம் பொய் எழுதும்போது உங்களுக்கு இவ்வளவு நியாயம் தோணலையே சார். இந்தப் பக்கம் ஒரு வரி எழுதச் சொன்னா மட்டும் சான்று கேக்கறீங்க. நல்லா இருக்கு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அன்றிரவு வரதனிடம் சொன்னேன். “போட்டுக் குடுத்துட்டுப் போயேண்டா. புண்ணியமாப் போகும். யாரு வந்து பாக்கப் போறா?” என்றான். யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் முதல் முறையும் எழுதினேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் அடையாறு. அச்சகம் அப்படியே இருந்தது. பழைய போர்மன் என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே அழைத்துப் போனார். எத்தனையோ வருடம் வந்துபோன இடம். இயந்திரங்கள் ஓடும் தரைத்தளத்துக்குள் அன்றுதான் முதல் முறையாகக் கால் வைத்தேன். காகிதக் கட்டுகள் தரையோடு தரையாக அடுக்கியிருந்தன. குனிந்து எடுத்து, இடுப்பைத் திருப்பி, நெஞ்சு உயரத்தில் இருந்த பலகையில் வைக்க வேண்டும். உடனே அடுத்தது. இயந்திரம் நிற்காது.

“ஒண்ணு தூக்கிப் பாருங்களேன் டாக்டர்” என்றார் போர்மன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். குனிந்து பிடித்தேன். கட்டு அசையவில்லை. “வயசான காலத்துல வுடு சார்” என்று ஓர் ஆள் என் கையை விலக்கிவிட்டார்.

மாடிக்குப் போய் அந்த ஜன்னலையும் பார்த்தேன். கேட், டீக்கடை, பஸ் நிறுத்தம். பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு பெரிய விளம்பரப் பலகை தெருவை மறைத்தது. அன்றும் அங்கே ஏதோ ஒரு பலகை இருந்தது. அதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரிந்ததே இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இடுப்பு விண்விண் என்று தெறித்தது. கைத்தடியை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டேன். கடைசியில் ஒரு பஸ் வந்தது. நம் ஊர் வழக்கப்படி நிறுத்தத்தில் நிற்காமல் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றது. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எழுபது தாண்டிய நான் ஓடினேன். படிக்கட்டில் தொங்கியவர்கள், “வா பெருசு, வா! ஓடியா, ஓடியா!” என்று உற்சாகப்படுத்தினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார், கக்கத்துத் தடியைப் பார்த்தார். “இன்னா நைனா, இந்த ஓட்டம் ஓடறே, தடி எதுக்கு? ஷோவுக்கா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த கணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் இறங்கும்போது இடுப்புக்குக் கீழே என்னுடையதாக இல்லை. முன்பின் தெரியாத இருவர் தாங்கி இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். மீன் வண்டி மட்டும்தான் குறை.

சில நாட்கள் வரதன் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். “அசையப்படாது, ஒரு வாரம் கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்” என்றான் வரதன். முதுகு வலிக்கு நீண்ட படுக்கை நல்லதில்லை என்று இப்போது தெளிவாகவே தெரிந்துவிட்டது, முடிந்த அளவு நடமாட வேண்டும் என்றேன். “நீ ஆத்துல படுத்துண்டு எனக்கு லெக்சர் அடிக்கறே. கூட்டத்துல போய் அடி” என்றான். நடக்கும்போது மட்டும் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

கூட்டம் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்தால்கூடத் தப்பாக வரும் அளவுக்கு ஒலிபெருக்கியில் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் கிடைத்த அமைதியில் பேசினேன். ஆராய்ச்சிகளைச் சொல்லிவிட்டு, தஸ்தகீரின் பெயரைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொன்னேன். என்னிடம் ஜன்னல் வித்தை கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, “அப்போ இனிமே வலிக்குதுன்னு எவன் சொன்னாலும் நம்பிடணும்னு சொல்றீங்களா சார்?” என்று கேட்டார்.

“நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். கேளுங்கள். அவர் தூக்குகிற பாரத்தைப் போய்ப் பாருங்கள். எது முடிகிறது, எவ்வளவு நேரம் முடிகிறது, செய்தபின் மறுநாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள்.”

“தெரியலைன்னு எழுதினா கம்பெனி நம்மளை வெச்சுக்குமா சார்?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பேப்பர் கடைக்குப் போய், என்னால் எதை மட்டும் எழுத முடியும் என்று சொன்னேன். ‘இவர் நடித்தார் என்று நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இவரை நான் முறையாகப் பரிசோதிக்கவில்லை. இவருக்கு என்ன கோளாறு இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.’ இவ்வளவுதான். இது வழக்குக்குப் போதாமல் போகலாம் என்பதையும் சொன்னேன்.

தஸ்தகீர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஹருன்னிசாதான் பேசினார்.

“தெரியாததத் தெரியும்னு ஒரே நிமிசத்துல எழுதிட்டீங்க. தெரியாதுன்னு எழுதறதுக்கு இத்தினி நாளா சார்?”

“ஆமாம்மா.”

“சரி, எழுதுங்க. அந்த நடிக்கிறாருன்ற வார்த்தை போனா போதும். வலிய நாங்க பாத்துக்கறோம்.”

வக்கீலம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வாக்குமூலத்தை மாற்றி எழுதினார். என் ஊர் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டுக் குறுக்கு விசாரணைக்கு நின்றேன். கம்பெனி வக்கீல் இளைஞர். என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

“அவர் ஓடியதைப் பார்த்தீர்களா, இல்லையா?”

“பார்த்தேன்.”

“முதுகு வலி உள்ளவர் ஓட முடியுமா?”

“முடியும். இந்த மாதம் நானே பஸ்ஸுக்கு ஓடினேன். இதோ, தடியோடு நிற்கிறேன்.”

“அப்படியானால் அன்று அவருக்கு வலி இருந்தது என்கிறீர்களா?”

“தெரியாது என்கிறேன். அன்றும் தெரியாது. என் ஜன்னலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைதான் தெரியும். அவர் வீடு தெரியாது.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். தேதி தள்ளிப்போனது. நான் கனடாவுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருடம் மறுபடி வந்தேன். இதற்குள் என் பழைய சான்றிதழை ஏற்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் முதுகுக் கோளாறுக்கு நஷ்ட ஈடு கேட்ட பகுதி தள்ளுபடி ஆகிவிட்டது. அந்தக் காலத்துக் கோளாறை நிரூபிக்க யாரிடமும் எதுவும் இல்லை. நான் ஒழுங்காகப் பரிசோதித்திருந்தால் இருந்திருக்கும். வேலை நீக்கம் மட்டும் ரத்தானது. வக்கீலம்மாள் இதைச் சொல்லிவிட்டு, “நீங்க அந்த ஒரு வரியில கையெழுத்துப் போட்டிருந்தா அதுவும் கிடைச்சிருக்கும் சார்” என்றார். இருக்கலாம். அதையும் என் கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தஸ்தகீரைப் பார்க்கக் கச்சேரி சாலையில் இறங்கினேன். சந்துகள் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன, வழி மறந்துவிட்டது. டீக்கடையில் ஆள் மாறியிருந்தார்.

“தஸ்தகீர் வீடு எது?”

“தஸ்தகீரா? தெர்லயே சார்.”

“பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார்.”

“ரெண்டு மூணு கடை கீது சார். வேற எதுனா பேர் சொல்லுவாங்களா?”

சொல்லியிருந்தால் உடனே கை காட்டியிருப்பார். “இல்லை. தஸ்தகீர்தான் அவர் பெயர்” என்றேன்.

தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு சந்தாக நுழைந்து, ஒவ்வொரு கடையிலும் அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டேன். வெயில் ஏறியது. இடுப்பு கெஞ்சியது. ஒரு திருப்பத்தில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். “யாரு... ஆக்டர் பாயவா தேடறே?”

“தஸ்தகீரைத் தேடுகிறேன்.”

அவர் என்னையும் என் தடியையும் ஒரு முறை பார்த்தார். பிறகு எதிர்ச் சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“தஸ்தகீர் பாய்! உன்ன தேடிக்கினு ஆள் வந்துகீது!”